காசு போட்டு ஆடும் பூல் மேசையும் வெள்ளைப் பந்தும்

மலருக்குக் கட்டுரை கேட்டுச் சங்கத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் கடைக்கு வந்திருந்தார்கள். "ஐயா, இந்த வருஷமும் கற்படுக்கை, வட்டெழுத்துதானா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. நான் எழுதுவதெல்லாம் அதுதான். ஆனால் விளையாட்டுச் சாமான் கடை வைத்துப் பிழைத்தவன் தன் தொழிலைப் பற்றி ஒரு தடவையாவது எழுத வேண்டாமா என்று தோன்றியது. அதனால் இந்த முறை ஒரு பந்தைப் பற்றி எழுதுகிறேன். சின்ன விஷயம்தான், ஆனால் என்னைச் சில நாள் தூங்கவிடாமல் செய்த விஷயம்.

புனேயில் இருக்கும் நமக்குப் பில்லியர்ட்ஸ் அந்நியமான ஆட்டம் அல்ல. 1958இல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்று, தனிநபர் விளையாட்டில் இந்தியாவுக்கு முதல் உலகப் பட்டம் கொண்டுவந்த வில்சன் ஜோன்ஸ் பிறந்தது இந்த ஊரில்தான். ஸ்னூக்கர் ஆட்டமும் இந்த நாட்டில் பிறந்ததே. 1875இல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி தொடங்கி வைத்தார். அதன் விதிகள் 1880களில் நம் உதகமண்டலம் கிளப்பில் முறைப்படுத்தப்பட்டன. ஆனால் அவையெல்லாம் ஜிம்கானாக்களிலும் கிளப்புகளிலும் உறுப்பினர்கள் ஆடும் ஆட்டங்கள். சாதாரணப் பையன்கள் கையில் கோல் வந்தது 1990களின் பின்பாதியில், தெருவுக்குத் தெரு பூல் பார்லர்கள் திறந்த பிறகுதான். அவற்றில் சிலவற்றில் அமெரிக்க மதுக்கடைகளில் இருப்பது போன்ற, காசோ டோக்கனோ போட்டு ஆடும் மேசைகள் வந்தன.

அந்த மேசையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பக்கவாட்டில் ஒரு தள்ளுதட்டு இருக்கும். அதன் பள்ளத்தில் காசை நிறுத்திவைத்து உள்ளே தள்ளினால், அடைபட்டிருந்த பதினைந்து வண்ணப் பந்துகளும் கடகடவென்று உருண்டு கீழ்த் தட்டுக்கு வந்துவிடும். அவற்றை எடுத்து மேலே முக்கோணமாக அடுக்கி, வெள்ளைப் பந்தால் அடித்து ஆட வேண்டும். குழியில் விழும் வண்ணப் பந்து மேசையின் வயிற்றுக்குள் உள்ள சரிவான வாய்க்கால் வழியாக உருண்டு உள்ளறையில் அடைபடும். அடுத்த காசு விழும்வரை வெளியே வராது. கடைக்காரர் பக்கத்தில் நின்று காவல் காக்க வேண்டியதில்லை, மேசையே கணக்கப்பிள்ளை.

ஆனால் வெள்ளைப் பந்தும் தவறிப்போய்க் குழியில் விழும் அல்லவா? அது குற்றம்தான், எதிராளிக்குச் சலுகை உண்டு. ஆனாலும் ஆட்டம் தொடர வேண்டுமே. ஆகவே வெள்ளை மட்டும் அடைபடாமல் தனிவழியாகத் திரும்பி வர வேண்டும். வாய்க்காலுக்குக் கண் கிடையாது, நிறம் தெரியாது. உருண்டு வருவது வெள்ளையா, சிவப்பா என்று அது எப்படிக் கண்டுபிடிக்கும்? இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் மற்ற எல்லாச் சிக்கலும் பிறக்கிறது. மேசைக்கு வெள்ளைப் பந்து மற்றவற்றிலிருந்து வேறாகத் தெரிய வேண்டும். ஆடுபவனுக்கோ அது மற்றவற்றைப் போலவே நடந்துகொள்ள வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண். நல்ல பந்து என்பது இந்த முரண்பாட்டை எவ்வளவு சிறிதாக்குகிறது என்பதில்தான் இருக்கிறது.

மேசை செய்தவர்கள் இதற்குப் பல வழிகளைக் கையாண்டார்கள். பழைய அமெரிக்க வழி, வெள்ளையைக் கொஞ்சம் பெரிதாகச் செய்வது. வண்ணப் பந்துகளின் விட்டம் 2¼ அங்குலம், அதாவது 57.15 மி.மீ. வெள்ளையை 2⅜ அங்குலமாக, ஏறக்குறைய 60.3 மி.மீ. ஆகச் செய்துவிட்டால், வாய்க்காலில் ஓர் இடைவெளி வைத்துச் சிறியவற்றை உள்ளே விழவிட்டு, பெரியதை மேலேயே ஓட்டித் திருப்பி அனுப்பிவிடலாம். நம் வீடுகளில் சல்லடை செய்கிற வேலைதான். இங்கிலாந்தின் மதுக்கடைகளில் இதையே தலைகீழாகச் செய்தார்கள். அங்கே வண்ணப் பந்து 2 அங்குலம், வெள்ளை 1⅞ அங்குலம். சிறியதுதான் தனிவழியில் போகும். இன்னொரு வழி, அளவை மாற்றாமல் அடர்ந்த பொருளால் கனமாகச் செய்வது. இது இப்போது அருகிப்போன வழி. கடைசியாக வந்தது காந்த வழி: பந்தின் உள்ளே இரும்பு வைத்து, வாய்க்காலின் ஓரத்தில் காந்தத்தைப் பொருத்திவிடுவது. உருண்டு வரும் வெள்ளையைக் காந்தம் இழுத்து வேறு தடத்தில் திருப்பிவிடும். மற்றவை நேராகப் போய்விடும். ஒளி உணரி வைத்துப் பந்தைப் பிரிக்கும் மேசைகளும் உண்டு; அவற்றின் விலை வேறு, பழுது பார்ப்பும் வேறு.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. எங்கள் மரபில் கணிதத்துக்குத் தனி மதிப்பு உண்டு, வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவும். விட்டம் 57.15இலிருந்து 60.3 ஆகக் கூடினால் "மூன்று மில்லிமீட்டர்தானே" என்று தோன்றும். ஆனால் எடை விட்டத்தைப் போலக் கூடாது. விட்டத்தின் கனத்தைப் போலக் கூடும். 2⅜ஐ 2¼ஆல் வகுத்து, வந்ததை மூன்று முறை பெருக்கிப் பாருங்கள்: 1.176. அதாவது ஒரே பொருளால் செய்தால் நூற்றுக்குப் பதினேழரை அதிக எடை. 170 கிராம் பந்து 200 கிராம் ஆகிவிடும். இங்கிலாந்துக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 1⅞ஐ 2ஆல் வகுத்து அதேபோல் பெருக்கினால் 0.824. அங்கே நூற்றுக்குப் பதினேழரை குறைவு! கடலுக்கு இந்தப் பக்கம் கூட்டியதை அந்தப் பக்கம் அப்படியே கழித்திருக்கிறார்கள்.

சரி, எடை கூடினால் என்ன ஆகிவிடும்? சம எடையுள்ள இரண்டு பந்துகள் நேருக்கு நேர் மோதினால், சுழற்சி இல்லாதபோது, அடித்த பந்து அப்படியே நின்றுவிடும். அடிபட்டது அதன் வேகத்தை வாங்கிக்கொண்டு போகும். பூல் ஆட்டத்தின் அரிச்சுவடியே இதுதான். வெள்ளை நூற்றுக்குப் பதினேழரை கனமானால் அது நிற்காது. தன் வேகத்தில் சுமார் எட்டு சதவீதத்தை வைத்துக்கொண்டு முன்னாலேயே போகும். குழி வாயில் உள்ள பந்தை அடித்தால் அதன் பின்னாலேயே தானும் குழிக்குள் விழும். இங்கிலாந்தின் லேசான வெள்ளையோ அதே அடியில் பத்து சதவீத வேகத்தோடு பின்னால் துள்ளும். சாய்வாக அடிக்கும்போதும் அப்படியே. சம எடையில் இரு பந்துகளும் செங்கோணமாகப் பிரிய வேண்டும்; கனமான வெள்ளையில் அந்தக் கோணம் சுருங்கிவிடும். கைதேர்ந்தவன் வெள்ளை எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டுத்தான் அடிக்கிறான். அந்தக் கணக்கு முழுவதும் பிசகிவிடும்.

பெரிய பந்துக்கு இன்னொரு குறையும் உண்டு. அதன் மையம் வண்ணப் பந்தின் மையத்தைவிட ஒன்றரை மி.மீ. உயரத்தில் இருக்கிறது. ஆகவே மோதும்போது வண்ணப் பந்தின் நடுவில் படாமல் சற்று மேலே படும். அதைத் துணியோடு அழுத்தும், தான் லேசாக எகிறும். மேசை ஓரத்து ரப்பர் விளிம்பை, பந்தின் விட்டத்தில் நூற்றுக்கு 63½ அளவு உயரத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. அது 57 மி.மீ. பந்துக்கான கணக்கு. 60 மி.மீ. பந்துக்கு அதே விளிம்பு நூற்றுக்கு 60 அளவில்தான் போய் நிற்கும். ஓரத்தில் பட்டுத் திரும்புவதும் மாறிப்போகும்.

நம் வாசகர்களில் பலர் கேரம் ஆடி வளர்ந்தவர்கள். "கேரமில் ஸ்டிரைக்கர் காயைவிடப் பெரிசுதானே, கனம்தானே? அதில் என்ன குடி முழுகிப் போச்சு?" என்று அவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. கேரம் காய் ஐந்து, ஐந்தரை கிராம். ஸ்டிரைக்கர் பதினைந்து கிராம் வரை இருக்கலாம். ஆனால் அது எல்லோருக்கும் தெரிந்த வேறுபாடு. பழகுபவன் முதல் நாளிலிருந்தே அந்தக் கனத்தோடு பழகுகிறான். எதிராளிக்கும் அதே கனம். இங்கிலாந்துக்காரனும் அப்படித்தான், தன் மதுக்கடையின் சின்ன வெள்ளைப் பந்தை அறிந்தே ஆடுகிறான். ஆகவே வேறுபாடு மட்டும் குற்றம் ஆகாது. சமம் என்று நம்பவைத்துச் சமமில்லாததைக் கொடுப்பதுதான் குற்றம். பூல் பந்துக்கு விதிப்படி எடை 156 முதல் 170 கிராம். அந்த எல்லைக்குள் பழகியவன் காசு போடுகிறான். அவனுக்கு 190 கிராம் பந்தைக் கொடுப்பது, படிக்கல்லில் ஈயம் ஒட்டிய கதைதான்.

நான் பாடம் படித்தது 2004இல். கல்லூரிப் பக்கம் பார்லர் திறந்த ஒருவர் ஆறு மேசைகளுக்கும் சேர்த்துக் காந்த வெள்ளைப் பந்து ஒரு டஜன் வேண்டும் என்றார். ஐரோப்பியப் பந்தின் விலையைக் கேட்டு முகம் சுளித்தார். மும்பையில் ஒரு மொத்த வியாபாரியிடம் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்தது. பெட்டியில் பெரிய எழுத்தில் 'மேக்னெட்டிக்' என்று போட்டிருந்தது. காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டியது. கொடுத்துவிட்டேன். அதற்கு மேல் நான் எதையும் பார்க்கவில்லை. அது என் தப்பு.

இரண்டு மாதம் கழித்து ஒரு மராட்டிப் பையன், மெலிந்த உடம்பு, தோளில் பை, கடைக்கு வந்தான். பையிலிருந்து ஒரு வெள்ளைப் பந்தையும் ஒரு மஞ்சள் பந்தையும் எடுத்து மேசை மேல் வைத்தான். "காகா, உங்க தராசில் இது ரெண்டையும் நிறுத்துப் பாருங்க" என்றான். பந்து எங்கே கிடைத்தது என்று கேட்டேன். பார்லரில் சொல்லிவிட்டுத்தான் எடுத்து வந்தேன், பையைக் காட்டிவிட்டுத்தான் வந்தேன் என்றான். நிறுத்தேன். மஞ்சள் 164 கிராம். வெள்ளை 188.

அவன் சண்டை போடவில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னான். வெள்ளை நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதில்லை, குழிக்குள்ளே போய்விடுகிறது. போனால் சில சமயம் திரும்பி வருகிறது, சில சமயம் வருவதில்லை. வராவிட்டால் ஆட்டத்தின் நடுவிலேயே இன்னொரு டோக்கன் போட வேண்டும். மெஸ் பணத்தில் ஆடுகிற பையன்கள். "பார்லர்காரரிடம் சொன்னோம். 'பந்து நல்ல கடையில் வாங்கினது, நீ ஒழுங்கா ஆடு' என்கிறார். அந்தக் கடை எதுன்னு கேட்டேன். உங்க கடைன்னார்."

யோசித்துப் பாருங்கள். கெட்ட பந்தால் பார்லருக்கு நஷ்டம் இல்லை, வருமானம். கனம் அதிகமானதால் வெள்ளை அடிக்கடி குழியில் விழும், காந்த இழுப்பு குறைவானதால் விழுந்தது அடைபடும், அடைபட்டால் காசு. இரண்டு குறையும் சேர்ந்து ஒரே உண்டியலில் போய் விழுகின்றன. அதனால்தான் இரண்டு மாதமாக அவர் என்னிடம் புகார் சொல்லவே இல்லை. புகார் சொல்ல வேண்டியவன் பணம் இழந்தவன். அவனுக்கோ என் கடை எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

பன்னிரண்டையும் அன்றைக்கே திரும்ப வாங்கிக்கொண்டு, நல்ல பந்துகளை அதே விலைக்குக் கொடுத்தேன். பார்லர்காரர் பெரிதாக மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. மும்பை வியாபாரியிடம் தொலைபேசியில் கேட்டதற்கு அவர், "மேக்னெட் இழுக்குதா இல்லையா? இழுக்குது. மேக்னெட்டிக்னு போட்டிருக்கு. எடை இவ்வளவுன்னு எங்கயாவது போட்டிருக்கா?" என்றார். போட்டிருக்கவில்லைதான்.

இரு பிரிவினரும் ஏற்கும் எங்கள் சமண நூலான தத்துவார்த்த சூத்திரம், திருடாமை விரதத்தை மீறுகிற ஐந்து பிழைகளைச் சொல்கிறது. திருடத் தூண்டுவது, திருட்டுப் பொருளை வாங்குவது என்று தொடங்கும் அந்தப் பட்டியலில் கடைசி இரண்டு, கூட்டியும் குறைத்தும் அளப்பது, போலிச் சரக்கை நல்ல சரக்காக நடத்துவது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகமும் இவற்றையே வேறு சொற்களில் சொல்கிறது. அதைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பை நான் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்தவன். படிக்கல்லைக் குறைக்கக் கூடாது என்று மட்டுமே அதைப் புரிந்துவைத்திருந்தேன். 'கூட்டியும்' என்று ஏன் சொன்னார்கள் என்பது 24 கிராம் அதிகமாக இருந்த அந்தப் பந்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அதிகம் கொடுத்தும் ஒருவனை ஏமாற்றலாம்.

பந்து எதனால் செய்யப்படுகிறது என்பதற்கும் எங்கள் நூல்களுக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பில்லியர்ட் பந்து என்றால் யானைத் தந்தம். பந்தின் எடை ஒரு பக்கம் சாயக் கூடாது என்பதற்காக, தந்தத்தின் நடுவில் ஓடும் நரம்புக் குழல் பந்தின் மையத்தில் அமையும்படி பார்த்துக் கடைவார்கள். ஒரு தந்தத்தில் நல்ல பந்து நாலைந்து தேறினால் அதிகம். சமண இல்லறத்தார் செய்யக் கூடாத பதினைந்து தொழில்களைச் சுவேதாம்பர ஆசாரியர் ஹேமச்சந்திரர் 12ஆம் நூற்றாண்டில் யோகசாஸ்திரத்தில் தொகுத்துச் சொல்கிறார். அதில் தந்த வாணிகம் ஒன்று. அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் நான் இந்தக் கடையையே வைத்திருக்க முடியாது.

யானையைக் காப்பாற்றியது கருணை மட்டும் அல்ல, விலையும்தான். தந்தம் கிடைப்பது அரிதானதால் 1860களில் நியூயார்க்கின் பில்லியர்ட் சாமான் வியாபாரிகள், மாற்றுப் பொருள் கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு என்று விளம்பரம் செய்தார்கள். அதைப் பார்த்து முனைந்தவர்களில் ஒருவர் ஜான் வெஸ்லி ஹையட். அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சோடு கற்பூரம் சேர்த்து 1869 வாக்கில் செல்லுலாய்டை உருவாக்கினார். நாம் சாமிக்குக் கொளுத்துகிற கற்பூரத்துக்கு இப்படி ஒரு பயன்! ஆனால் செல்லுலாய்டு சுலபமாகத் தீப்பற்றும். 1907இல் பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்கா போன லியோ பேக்லாண்ட், பீனாலையும் பார்மால்டிஹைடையும் சேர்த்து ஒருமுறை இறுகினால் உருகாத பிசினைக் கண்டார். இன்றைய நல்ல பந்துகள் அந்தக் குடும்பத்துப் பீனாலிக் பிசினால் ஆனவை. அராமித் என்ற பெயரில் வரும் பந்துகளைச் செய்யும் நிறுவனம் பெல்ஜியத்தில்தான் இருக்கிறது என்பது ஒரு தற்செயல். மலிவுப் பந்துகள் பாலியெஸ்டர். அவை சீக்கிரம் தேயும், பழுக்கும், விளிம்பில் பெயரும். இரண்டு பந்துகளைத் தட்டினால் பீனாலிக் கணீரென்று ஒலிக்கும், பாலியெஸ்டர் மொத்தென்று ஒலிக்கும். காது பழகிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

இனி, வாங்குபவர் என்ன செய்ய வேண்டும்? முதலில் பந்தைப் பார்க்காதீர்கள், மேசையைத் திறந்து பாருங்கள். பக்கக் கதவைத் திறந்தால் வாய்க்கால் தெரியும். ஓரத்தில் காந்தம் இருந்தால் காந்தப் பந்து. அளவு இடைவெளி இருந்தால் பெரிய பந்து அல்லது சிறிய பந்து, அந்த மேசைக்கு என்ன அளவோ அதுதான். காந்தம் இல்லாத மேசைக்குக் காந்தப் பந்தை வாங்கிக்கொண்டு போய் "வேலை செய்யல" என்று திரும்பி வந்தவர்கள் என் கடையில் ஏராளம். இன்னும் புதுசாக மேசையே வாங்கப் போகிறவரானால் காந்த மேசையாகவே வாங்குங்கள் என்பேன். ஒளி உணரி மேசைகளை விட்டுவிட்டால், மற்ற வழிகளில் பந்து அளவிலோ எடையிலோ மாறியே தீர வேண்டும். காந்த வழியில் இரண்டையும் மாற்றாமல் மேசைக்கு அடையாளம் காட்ட முடியும்.

முடியும் என்றுதான் சொன்னேன்; எல்லாக் காந்தப் பந்தும் அப்படி இருக்கும் என்று சொல்லவில்லை. முந்தைய காந்தப் பந்துகளில் நடுவே ஓர் இரும்புக் குண்டு வைத்தார்கள். எடை ஏறிவிடும், குண்டு நடுவிலிருந்து கொஞ்சம் விலகினால் பந்து கோணலாக ஓடும். நல்ல தயாரிப்பில் இரும்பைச் சிறு துணுக்குகளாகப் பந்துக்குள் சமமாகப் பரப்பி, எடையையும் வண்ணப் பந்தின் அளவுக்கே கொண்டுவந்துவிடுகிறார்கள். ஆகவே தராசுதான் முதல் பரீட்சை. 156க்கும் 170க்கும் இடையில் இருந்தால் மட்டும் போதாது. உங்களிடம் இருக்கும் வண்ணப் பந்துகளில் நாலைந்தை நிறுத்துப் பாருங்கள், அவற்றிலிருந்து ஐந்து கிராமுக்குள் வெள்ளை இருக்க வேண்டும். இந்த ஐந்து கிராம் நான் வைத்துக்கொண்ட அளவு, விதி அல்ல. பிறகு வெர்னியர் காலிப்பரால் மூன்று பக்கமாக விட்டத்தை அளக்க வேண்டும். விதி அனுமதிப்பது 0.13 மி.மீ. ஏற்றத்தாழ்வு.

எடை நடுவில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நண்பர் உப்புத் தண்ணீர் யோசனை சொன்னார். கோல்ஃப் பந்தை அப்படித்தான் மிதக்கவிட்டுப் பார்ப்பார்களாம். வீட்டில் வாளி நிறைய உப்பைக் கரைத்து, என் மனைவியிடம் வசவு வாங்கியதுதான் மிச்சம். பந்து நேராக அடிக்குப் போய்விட்டது. பிறகுதான் கணக்குப் போட்டேன். 57 மி.மீ. பந்தின் கன அளவு சுமார் 98 கன செ.மீ.; 170 கிராமை அதால் வகுத்தால் 1.74. தண்ணீரில் எவ்வளவு உப்புக் கரைத்தாலும் 1.2ஐத் தாண்டாது. எப்படி மிதக்கும்? மட்டம் பார்த்த கண்ணாடிப் பலகையில் மெல்ல உருட்டிவிடுவதே நல்ல வழி. பந்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு பத்துத் தடவை உருட்டுங்கள். நின்றபோது புள்ளி ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம் வந்து நின்றால் அந்தப் பந்து வேண்டாம். அதன் பிறகு ஓர் அலுமினியக் கோணத்தைச் சரிவாக வைத்து, மேசைத் துணிமேல் மெதுவாக உருட்டிவிட வேண்டும். புள்ளியை ஒரு தடவை இடப் பக்கம், ஒரு தடவை வலப் பக்கம் வைத்து உருட்டும்போது பந்து மாறி மாறி வளைந்தால் குறை பந்தில். எப்படி வைத்தாலும் ஒரே பக்கம் வளைந்தால் குறை மேசையின் மட்டத்தில்.

காந்த இழுப்புக்கு, நூலில் ஒரு சின்னக் காந்தத்தைக் கட்டித் தொங்கவிட்டு, பந்தை எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பி அருகில் கொண்டுபோகிறேன். எந்தப் பக்கத்தைக் காட்டினாலும் ஒரே தூரத்தில் காந்தம் சாய வேண்டும். ஒட்டுகிறதா என்று மட்டும் பார்ப்பது எவ்வளவு பயன் என்பதை மேலே சொல்லிவிட்டேன். உருண்டு வரும் பந்து எந்த முகத்தைக் காந்தத்துக்குக் காட்டும் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு முகம் பலவீனமாக இருந்தால் அன்றைக்கு ஒருவன் காசு போச்சு. கடைசிப் பரீட்சை மேசையிலேயே. ஆறு குழிகளிலும் தலா பத்துத் தடவை, பாதி மெதுவாக, பாதி வேகமாக வெள்ளையை விட வேண்டும். வேகமாகப் போகும் பந்துதான் காந்தத்தை ஏமாற்றிவிட்டு ஓடும். அறுபதில் ஒன்று அடைபட்டாலும் நான் அந்தப் பந்தை விற்பதில்லை. ஆனால் பந்தைக் குறை சொல்லுமுன் வாய்க்காலைத் துடைத்துவிட்டீர்களா, காந்தத்தின் மேல் இரும்புத் தூளும் துணிப் பஞ்சும் அடைந்திருக்கிறதா, மேசை ஒரு பக்கம் சாய்ந்து பந்தின் வேகம் கூடிவிட்டதா என்று பாருங்கள். பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும்.

தேய்மானத்தையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வோர் அடியிலும் வெள்ளை படுகிறது. மற்ற பதினைந்தும் முறை வைத்துப் படுகின்றன. ஆகவே முதலில் தேய்வது வெள்ளைதான். பெரிய பந்து மேசையில் இது நேரடி ஆபத்து: தேயத் தேய அது வண்ணப் பந்தின் அளவை நெருங்கி, ஒருநாள் சல்லடையில் விழுந்துவிடும். காந்தப் பந்தை மேசை எப்போதும் அடையாளம் கண்டுகொள்ளும். ஆனால் எடை குறைந்துகொண்டே வருவதை மேசை சொல்லாது. ஆகவே நல்ல பந்தையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிறுத்தும் அளந்தும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மென்மையான துணியில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்தால் போதும். அழுத்தித் தேய்க்கும் பாத்திரப் பொடிகள் கூடவே கூடாது.

கடையை இப்போது என் மகன் பார்த்துக்கொள்கிறான். தராசுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் பந்து இன்றும் இருக்கிறது. வெள்ளைப் பந்து வாங்க வருகிறவர்களுக்கு அவன் முதலில் அதை நிறுத்துக் காட்டிவிட்டுத்தான் பெட்டியைத் திறக்கிறான். அந்த மராட்டிப் பையன் இரண்டாவது முறை வந்தபோது விட்டுவிட்டுப் போனது அது.